மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதுமா?



மேடையில் பேசக் கூச்சப்படும் விஷயம் இது. ஆனால் பேசாமல் மூடி மறைத்ததால் எத்தனை குடும்பங்கள் சீரழிந்துள்ளன! எனவே வெளிப்படையாகவே பேசுவோம். பெண்களைத் தாக்கும் பால்வினை நோய்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

'இது ஒழுக்கம் கெட்டவர்களுக்கு வரும் நோய். நம் வீட்டுப் பெண்களுக்கு ஏன் வரப்போகிறது?' என்று நீங்கள் கேட்கலாம். புனே நகரில் 1993 முதல் 1996 வரை பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்த பெண்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் பாலியல் தொழிலில் இல்லாத பெண்களிலேயே 100க்கு 13 பேருக்கு மேல் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இவர்களில் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத குடும்பப் பெண்கள்! கிருமி எப்படி வந்தது? கணவனோடு வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது.

வெட்டை எனப்படும் கொனோரியா வந்த ஆணுக்கு, சிறுநீர் எரிச்சலும் சீழும் பெரும்பாலும் சில நாட்களில் தெரிந்துவிடும். அதே நோயும் கிளமிடியாவும் பெண்ணுக்கு வந்தால், பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. மேகப்புண் எனப்படும் சிபிலிஸ் வலியில்லாத புண்ணாகத் தொடங்கும். பெண்ணுக்கு அது உள்ளே இருந்தால் கண்ணுக்கே தெரியாது. சில வாரங்களில் புண் ஆறிவிடும். நோய் ஆறாது!

இப்போது சிந்தித்துப் பாருங்கள். கணவன் யாருக்கும் தெரியாமல் வெளியூரில் ஊசி போட்டுக்கொண்டு குணமாகிவிடுகிறான். மனைவியிடம் மூச்சு விடுவதில்லை. அவளுக்குள் கிருமி கருக்குழாய் வரை ஏறி அடைப்பை உண்டாக்குகிறது. குழந்தை இல்லை. ஊர் அவளுக்கு 'மலடி' என்று பட்டம் சூட்டுகிறது. இது நியாயமா? அவளிடமிருந்து கிருமி திரும்ப அவனுக்கே வரும் என்பதையாவது அவன் எண்ணிப் பார்த்தானா?

இன்னொரு அநியாயமும் நடக்கிறது. மனைவிக்கு வெள்ளைப்படுதல் என்றதும் அவள் மீது சந்தேகப்படுகிறார்கள். வெள்ளைப்படுதல் எல்லாம் பால்வினை நோயல்ல. பூஞ்சைத் தொற்றாலும் வரும், இயல்பாகவும் இருக்கும். பரிசோதிக்காமல் அவதூறு சுமத்தாதீர்கள்!

சரி, என்ன செய்ய வேண்டும்?

துர்நாற்றம், அரிப்பு, புண், அடிவயிற்று வலி, மாதவிலக்கு இல்லாத நாளில் இரத்தக்கசிவு இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெண் மருத்துவர் இருக்கும் நாளை விசாரித்துச் செல்லுங்கள். லாட்ஜில் அறை போட்டு விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள். மருந்துக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள்.

கணவன், மனைவி இருவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை பெற வேண்டும். மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் வரை உறவு கூடாது. கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ் மூன்றுமே மருந்தால் குணமாகக் கூடியவை. ஆனால் அடைபட்ட குழாய் மருந்தால் திறக்காது. ஆகவே தாமதம் வேண்டாம்.

கர்ப்பமானவுடன் சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். சிபிலிஸைக் கவனிக்காவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். உரிய காலத்தில் போடும் பென்சிலின் ஊசி அதைத் தடுக்கும். எச்.ஐ.வி.க்கு 2004 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தருகிறது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கேட்கலாம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களே! கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போடுவது சிறந்தது. 30 வயதைக் கடந்த பெண்கள் கருப்பை வாய்ப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

இளைஞர்களே! ஒழுக்கம் பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்டதல்ல. திருமணத்துக்கு முன் தவறியவர் பரிசோதித்துக்கொண்டு பிறகு மணமேடை ஏறட்டும். நோய் இருக்கும் எனச் சந்தேகிக்கும் கணவன், சிகிச்சை முடியும்வரை விலகி இருக்கட்டும். முடியாதென்றால் ஆணுறை அணியாமல் மனைவியை நெருங்கக் கூடாது.

வியாபாரிகளே! கடைக்கு ஒரு நாள் விடுமுறை விட்டால் நஷ்டம் சிறிதுதான். மனைவியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அழைத்துச் சென்றுவிட்டு வாசலில் நிற்காதீர்கள். நீங்களும் உள்ளே செல்லுங்கள்!