செல்மா நகரத்து வரிசை



1965ஆம் வருஷம் ஜனவரி 22ஆம் தேதி, பள்ளிக்கூடம் விட்ட பிற்பாடு, அமெரிக்காவின் தென்பகுதியிலே அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த செல்மா நகரில், நூற்றுக்கு மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள் நல்லுடை உடுத்து நீதிமன்றக் கட்டிடத்தை நோக்கி வரிசையாக நடந்தார்கள். அவர்களிற் பலர் கையில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதியச் சொல்லிக் கேட்கப் போகிறவர்களுக்கு அது எதற்கு? சிறையில் அடைத்தாலும் அதற்குச் சித்தமாகவே வந்திருக்கிறோம் என்று அவர்கள் வாய் திறவாமல் சொன்ன வார்த்தை அது.

நிறத்தைக் காரணமாகக் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்று 1870லேயே அந்நாட்டு அரசியல் சட்டம் விதித்துவிட்டது. ஆயினும் 1901இல் அலபாமா தனக்கென வகுத்துக்கொண்ட சாசனம், வாக்குரிமை விதிகளில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே, தலைவரி என்றும் எழுத்தறிவுச் சோதனை என்றும் வேலிகளை எழுப்பிற்று. செல்மாவிலோ பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள்தான் திறந்திருக்கும். உள்ளே இருப்பவர் கேட்கும் சட்ட வினாக்களுக்குச் சொல்லும் விடை சரியா, பிழையா என்பது அவருடைய சித்தத்தைப் பொறுத்தது. ஆகவே, செல்மா அடங்கிய மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதடைந்த கறுப்பின மக்கள் சுமார் 15,000 பேர் இருந்தும், பட்டியலில் ஏறியவர்கள் ஏறக்குறைய 300 பேரே. பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியர்களே எழுத்தறிவுச் சோதனையில் தேறாதவர்களாக நிறுத்தப்பட்டார்கள் என்றால், அந்தச் சோதனையின் யோக்கியதையை நான் விளக்க வேண்டியதில்லை.

கறுப்பின மக்களைப் பிரித்து ஒதுக்கிவைக்கும் இனஒதுக்கல் கொள்கைக்கு உயிர் கொடுத்த வேர் இந்த வாக்குரிமை மறுப்பே. ஜார்ஜ் வாலஸ் என்பவர் 1958இல் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டு, தம்மினும் கடுமையாக ஒதுக்கலை ஆதரித்தவரிடம் தோற்றார். தோல்வியில் கற்ற பாடத்தால் தாமும் கடுமையானவராகி 1962இல் வென்று, மறுவருஷம் ஜனவரியில் மான்ட்காமரி நகரத்து மாநில மாளிகை முன்னின்று, ஒதுக்கல் என்றென்றும் நிலைக்கும் என்று சூளுரைத்தார். எவருக்கு வாக்கில்லையோ அவருடைய கண்ணீர் எந்த அரசியல்வாதியின் கணக்கிலும் சேருவதில்லை.

1965 பிப்ரவரியில், அருகிலுள்ள மேரியன் நகரில், ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இருபத்தாறு வயது இளைஞர் மாநிலப் போலீஸ்காரர் ஒருவரால் சுடப்பட்டு உயிர் நீத்தார். அந்தத் துயரத்தைச் சுமந்துகொண்டு மார்ச் 7ஆம் தேதி, உரிமைப் போராட்டத் தலைவர்களான ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும் முன்செல்ல, சுமார் 600 பேர் செல்மாவிலிருந்து மான்ட்காமரியை நோக்கிப் புறப்பட்டார்கள். வழியிலுள்ள எட்மண்ட் பெட்டஸ் பாலம் நடுவிலே மேடிட்டு உயர்ந்திருப்பதால், உச்சியை அடையும்வரை அக்கரையில் நிற்பது இன்னதென்று தெரியாது. உச்சியை அடைந்ததும் கண்டார்கள்: சாலையை அடைத்து நின்ற போலீஸ் படையை. கண்டும் அவர்கள் திரும்பவில்லை. தடியும் கண்ணீர்ப் புகையும் குதிரைகளும் அவர்கள்மேல் பாய்ந்ததை அன்றிரவே தேசம் முழுவதும் தொலைக்காட்சியில் கண்டு திடுக்கிட்டது.

மார்ச் 21இல், நீதிமன்ற அனுமதியோடும் மத்திய சர்க்காரின் காவலோடும், மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் யாத்திரை மறுபடி புறப்பட்டு, ஐந்தாம் நாள், வாலஸ் சூளுரைத்த அதே மாளிகையின் முன்னே சுமார் 25,000 பேராகத் திரண்டு நின்றது. ஆகஸ்ட் 6ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எழுத்தறிவுச் சோதனை நிறுத்தப்பட்டது. பெயர்களைப் பதியும் பொருட்டு மத்திய சர்க்காரின் அதிகாரிகளே வந்து அமர்ந்தார்கள்.

செல்மா அடங்கிய மாவட்டத்தின் காவல் தலைவரான ஷெரீப் ஜிம் கிளார்க், 'ஒருபோதும் இல்லை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பொறித்த வில்லையைச் சட்டையில் அணிந்து, வரிசையில் நின்றவர்களை விரட்டியவர். 1966இல் ஷெரீப் பதவிக்காக அவருடைய கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலில், கறுப்பின மக்கள் வாக்களித்த ஆறு பெட்டிகளை எண்ணாமல் ஒதுக்க உள்ளூர்க் கட்சிக் குழு முயன்றது. எண்ணியே தீர வேண்டுமென்று நீதிமன்றம் ஆணையிட்டது. எண்ணினார்கள், கிளார்க் தோற்றார்.

நேயர்களே, தேர்தல் நாளன்று வெயிலில் நிற்க நேர்ந்து நமக்குச் சலிப்பு உண்டாகும்போது, நிற்பதற்கு ஒரு வரிசை வேண்டுமென்றே சிறைக்குச் சித்தமாகப் புறப்பட்ட அந்த ஆசிரியர்களை நினைத்துக்கொள்வோமாக.