ஒப்படைப்பும் கைவிடலும்



ஊராட்சி என்பது ஊரார் ஆட்சி. ஆயின், ஊரார் தேர்ந்தெடுத்த மன்றம் நாள்தோறும் கூடியிருத்தல் இயலாது. தெருவிளக்கு அணைவதும் குடிநீர்க் குழாய் உடைவதும் மன்றம் கூடும் நாள் பார்த்து நிகழ்வதில்லை. வீடு கட்ட இசைவு கேட்பவனையும் கடை வைக்க உரிமம் கேட்பவனையும் அடுத்த கூட்டம்வரை காக்க வைத்தால், மக்களாட்சி என்னும் பெயரால் மக்களே துன்புறுவர். ஆகவே, முடிவெடுக்கும் உரிமையில் ஒரு கூற்றை மன்றம் தன் அலுவலரிடம் ஒப்படைத்தே ஆகல் வேண்டும். இதை மறுப்பார் நடைமுறை அறியாதார்.

எப்படி ஒப்படைப்பது என்பதே வினா. திருக்குறளின் 52-ஆம் அதிகாரம் ‘தெரிந்து வினையாடல்’. ஒரு வினைக்கு உரியவனை ஆராய்ந்து கண்டபின், அவ்வினையை அவனிடமே விட்டுவிடுக என்று அங்கு வள்ளுவர் கூறுகின்றார். இடையிடையே கைநீட்டி வேலையைக் கெடுக்கும் தலைவனுக்கு அதில் இடமில்லை. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளோ, வினைசெய்வான் கோணாதிருக்கின்றானா என நாள்தோறும் ஆராயச் சொல்கின்றது. முன்னது ஒப்படைப்பு, பின்னது கண்காணிப்பு. பின்னதை விட்டு முன்னதை மட்டும் கொண்டால், அதற்குப் பெயர் ஒப்படைப்பு ஆகாது. கைவிடல் என்பதே பொருந்தும்.

இவ்வேறுபாட்டைச் சட்டமாகவே எழுதிவைத்த நாடுகளுள் இங்கிலாந்து ஒன்று. அங்கு 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 101-ஆம் பிரிவு, மன்றம் தன் பணியைக் குழுவிடமோ துணைக்குழுவிடமோ அலுவலரிடமோ ஒப்படைக்க இசைகின்றது. ஒப்படைத்த பின்னும் அவ்வுரிமை மன்றத்தை விட்டு நீங்குவதில்லை. மன்றம் விரும்பினால் தானே முடிவு செய்யலாம். வரியை வரையறுக்கும் உரிமையையோ எந்த அலுவலரிடமும் ஒப்படைத்தல் ஆகாது. 2014-இல் வந்த விதிகள், குறித்த சில வகை முடிவுகளை எடுக்கும் அலுவலர், முடிவையும் நாளையும் கரணியத்தையும் தாம் தள்ளிய மாற்று வழிகளையும் எழுதி மக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும் என்கின்றன. எல்லை, மீட்கும் உரிமை, எழுத்துப் பதிவு ஆகிய மூன்றுமே ஒப்படைப்பைத் தாங்கும் கால்கள்.

இவை தமிழ்மண்ணுக்குப் புதியன அல்ல. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவ்வூர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடவோலையால் தேர்ந்தவர்கள் ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றில் அமர்ந்தனர். ஏரியைக் காக்கும் பொறுப்பு ஏரி வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டது, ஆயின், ஓராண்டுக்கே. கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி, அவனுடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதி இழந்தனர். குற்றம் கண்டவனை உடனே விலக்கினர். அரசனின் அலுவலர் உடனிருந்தார். முடிவு செய்ததோ ஊரவை. அது நிலமும் மறைக்கல்வியும் உடைய பார்ப்பனர் அவை என்பதையும், உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. அக்குறையைத் தள்ளுக, கணக்குக் கேட்ட கண்டிப்பைக் கொள்க.

இற்றைத் தமிழகத்தில், மாநகராட்சியிலும் நகராட்சியிலும் மன்றத்தின் முடிவுகளை நிறைவேற்றுபவர் ஆணையர். மேலே மன்றம் இருக்கும்வரை அது ஒப்படைப்பு. மன்றமே இல்லாது போனால்? சென்னை மாநகராட்சி மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டது; மறுதேர்தல் நடந்ததோ 1996-இல். ஏறத்தாழ 23 ஆண்டுகள் தலைநகரில் தனி அலுவலரே மன்றம், அவரே செயலர். காலம் முடியுமுன் தேர்தலை நடத்தி முடித்தல் வேண்டும் என்னும் அரசியலமைப்புத் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. அதன் பின்னும், 2016-இல் காலம் முடிந்த உள்ளாட்சிகளுள் 27 மாவட்டத்து ஊராட்சிகள் 2019 திசம்பர் வரையும், நகர்ப்புற மன்றங்கள் 2022 பிப்பிரவரி வரையும் தேர்தலின்றிக் கிடந்தன. 2019-இல் தேர்வு பெற்றோரின் காலம் 2025 சனவரியில் முடிந்தபோதும், பொறுப்பு தனி அலுவலர்களிடமே சென்றது.

தனி அலுவலர் நேர்மையாளராயின் என்ன குறை எனச் சிலர் கேட்பர். குறை ஆளிடம் இல்லை, இருக்கையில் இருக்கின்றது. தானே முன்மொழிந்து, தானே இசைந்து, தானே செலவிட்டு, தானே கணக்கை ஏற்கும் இருக்கை அது. குப்பைமேடு தன் தெருவில் வேண்டா என்னும் தாய், எந்த உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டுவாள்? அலுவலர் இடம் மாறிப் போய்விடுவார். மேடு அங்கேயே இருக்கும்.

எனவே, ஒவ்வொரு மன்றமும் தன் அலுவலர்க்கு எவ்வெவ் உரிமையை, எத்தொகை வரை, எந்நாள் வரை ஒப்படைத்தது என்பதைப் பட்டியலிட்டு வெளியிடல் வேண்டும். தமிழகத்தின் ஆட்சிமொழி தமிழ் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. ஆதலின், அப்பட்டியல் ஏர்பிடிப்பவனுக்கும் விளங்கும் தமிழில் அலுவலக வாயிலில் தொங்குதல் வேண்டும். ஊரவையிலும் படிக்கப்பெறல் வேண்டும். அலுவலர் எடுத்த முடிவுகளை ஒவ்வொரு கூட்டத்திலும் முதற்பொருளாக வைத்தல் வேண்டும். வரி விதிப்பும், பொதுநிலத்தையும் ஏரி குளத்தையும் பற்றிய முடிவும் மன்றத்தை விட்டு நீங்குதல் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உரிய காலத்தில் தேர்தல் நடத்தல் வேண்டும்.

சாவியைக் காவலனிடம் கொடுப்பது வீட்டுக்காரனின் அறிவுடைமை. வீட்டுக்காரனையே வெளியேற்றிவிட்டுச் சாவியைக் காவலனிடம் கொடுப்பது எவ்வகையிலும் காவல் ஆகாது. ஊர்தோறும் ஊரவையில் எழுந்து கணக்குக் கேளுங்கள். கேட்பார் உள்ள ஊரில்தான் ஒப்படைப்பு வாழும்.

வெல்க ஊராட்சி! வாழ்க தமிழ்!