பாடும் துணியும்
(பசியாவரத்தில் ஆற்றிய உரை)



நீருக்கு அப்பால், பழவேற்காட்டில், எலும்புக்கூட்டு உருவங்கள் காவல் நிற்கும் கல்லறை வாயிலைக் கண்டிருப்பீர்கள். உள்ளே கிடப்போர் ஆலந்து நாட்டார். நடுவணரசின் தொல்லியல் துறை அக்கற்களைக் காத்து வருகின்றது. காக்கட்டும், நாம் வேண்டா என்னவில்லை. ஆனால் அவர்கள் இங்கு எதற்கு வந்தார்கள்? மீனுக்கா? இல்லை, துணிக்கு! கீழைத் தீவுகளில் சாதிக்காயும் கிராம்பும் விற்றோர் அவற்றுக்கு மாற்றாக விரும்பிக் கேட்டது நம் கரைத் துணியையே. அதனாலன்றோ 1610இல் விசயநகர வேங்கடபதியிடம் இசைவு பெற்று, 1613இல் கெல்திரியாக் கோட்டையைக் கட்டி முடித்தனர்! 1690இல் நாகைக்கு மாறும்வரை இக்கரையில் அவர்தம் தலைமையிடம் பழவேற்காடே. பஞ்சக் காலங்களில் துணியோடு மாந்தரையும் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினர் என்பதைக் கல்லறைக் கற்கள் சொல்லமாட்டா.

மலாய் மக்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியைக் 'காயின் பெலேக்காட்' என்கின்றனர். காயின் என்பது துணி. பெலேக்காட் என்பது பழவேற்காட்டின் திரிபு. ஆங்கில அகரமுதலியிலும் வண்ணக் கைக்குட்டைக்கு இவ்வூர்ப் பெயருண்டு. பெயர் கடல் கடந்து வாழ்கின்றது. துணி ஏறிய துறையோ மீன்துறை ஆயிற்று. சாயவேர் கொண்டு செந்நிறம் ஏற்றியவர் நம்மவர்; அவர் செய்த துணி வகைகளின் பெயர்களை ஆலந்தார் கணக்கேடுகளில் போய்த் தேடவேண்டிய நிலை நமக்கு!

உங்கள் தொழிற்சொற்களுக்கும் அந்நிலை வரவேண்டுமா? இவ்வேரியில் இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் இறால் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். எத்துணை அழகிய சொல்! இவ்வுரிமை எல்லாக் குப்பத்தார்க்கும் எட்டவில்லை என்னும் மனக்குறையும் இங்குண்டு, அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் சொல் நமது. இன்று ஆய்வாளர் இதனைப் 'பாடு சிஸ்டம்' என்று எழுத, நம் பிள்ளைகளும் அவ்வாறே சொல்கின்றனர். பாடு என்றாலே முறை அதனுள் அடங்கிற்றே ஐயா! பின் எதற்குச் சிஸ்டம்?

ஆகவே, இளந்தோழர்களே, கூட்டம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். ஆளுக்கொரு சுவடி எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் செல்லுங்கள். வலையின் உறுப்புகள், காற்றின் பெயர்கள், நீரோட்டத்தின் பெயர்கள், ஏரிவாய் மணலால் தூர்ந்துபோவதைக் குறிக்கும் சொற்கள் யாவற்றையும் கேட்டெழுதுங்கள். முதலில் மீன் விற்கும் தாய்மாரைக் கேளுங்கள். மீன்களின் பெயர்களை ஆடவரினும் அவர்களே நன்கறிவர். பொருள் விளங்காவிடினும் ஒலித்தவாறே எழுதுங்கள், திருத்த வேண்டா.