ஜகாத் பணம் யார் கையில்?

வெளியூரில் வேலை பார்க்கும் நம் நாகை பிள்ளைகள் பலர் ஜகாத்தை இப்போது இணையதளம் வழியாகச் செலுத்துகிறார்கள். அது நேராக நம் கணக்குக்கு வருவதில்லை. இடையில் ஒரு நிறுவனம் வாங்கி வைத்துத் தருகிறது. ஏழையின் அமானிதம் ஓரிரு நாள் அடுத்தவர் கையில்!

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17-இல் இதற்கு விதிமுறை வெளியிட்டது. வங்கியல்லாத நிறுவனமானால் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பிக்கும்போதே 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு வேண்டும். வசூலித்த பணத்தை வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் தனியே வைக்க வேண்டும். ஆனால் பணத்தைத் தொடாமல் மென்பொருள் மட்டும் தரும் 'கேட்வே' நிறுவனங்களுக்கு அனுமதி தேவையில்லை. பாதுகாப்பு முறைகள் அவற்றுக்கு வெறும் பரிந்துரைதான். இது போதாது என்பதே நம் கருத்து. கோளாறு எவருடையதானாலும் காத்துக்கிடப்பது உதவி வாங்க வரும் விதவைதானே.

கமிஷன் குறைவு என்று யார் வந்தாலும், ரிசர்வ் வங்கியின் அனுமதிப் பட்டியலில் பெயரைப் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறோம். உங்கள் பணம் மோசடியில் போனால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.