பெயரைப் பார்க்காதீர்கள், பணியைப் பாருங்கள்!

  

நியூயார்க் மாநகருக்கு ஒரு முஸ்லிம் மேயராகிவிட்டார் என்று நாமெல்லாம் பூரித்துப் போனோம். 2025 நவம்பரில் வென்று 2026 ஜனவரி 1-ல் பொறுப்பேற்ற ஜோஹ்ரான் மம்தானியைத்தான் சொல்கிறேன். மகிழ்ச்சி நியாயமானதுதான். ஆனால், முஸ்லிம்கள் சிறுபான்மையாக உள்ள ஊரில் அவரைத் தேர்ந்தெடுத்தது அவரது பெயரா? சிந்தித்துப் பாருங்கள்!

1991-ல் உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்தவர் அவர். 2018-ல்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். கடன் கட்ட முடியாமல் வீட்டை இழக்கவிருந்த ஏழைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலை பார்த்தார். 2020-ல் பதவியிலிருந்த உறுப்பினரை உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்து, 2021-ல் அஸ்டோரியா பகுதியின் பிரதிநிதியாக மாநில சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். அங்கே 150 உறுப்பினர்களில் அவரும் ஒருவர், அவ்வளவுதான்.

அந்த ஒற்றை ஓட்டை வைத்துக்கொண்டு என்ன செய்தார்?

நியூயார்க்கில் சொந்தமாக மஞ்சள் டாக்ஸி ஓட்ட 'மெடாலியன்' என்னும் உரிமம் வேண்டும். 2014 வாக்கில் அதன் விலை 10 லட்சம் டாலரைத் தொட்டது. புலம்பெயர்ந்து வந்த ஓட்டுநர்கள் கடன்பட்டு வாங்கினார்கள். பிறகு ஊபரின் போட்டி வலுத்தது, உரிமத்தின் விலை சரிந்தது. கடன் மட்டும் அப்படியே நின்றது! 2018-ல் ஓட்டுநர்கள் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள்.

2021 அக்டோபரில் ஓட்டுநர்கள் மாநகராட்சி மண்டபத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். மம்தானியும் அவர்களோடு 15 நாட்கள் பட்டினி கிடந்தார். முடிவில், மிகப் பெரிய கடன் நிறுவனம் கடனை 1,70,000 டாலராகக் குறைக்க இணங்கியது. மாதத் தவணை 1,122 டாலருக்கு மேல் போகாது என்றும் ஏற்பட்டது. வெற்றி அந்த ஓட்டுநர்களின் சங்கத்துக்கு உரியது. பிரதிநிதி அவர்கள் பக்கத்தில் இருந்தார். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர் என்று படித்த சமுதாயம் நாம். கடன் சுமை எத்தகையது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து பேருந்து. ஒரு செனட்டரோடு சேர்ந்து வாதாடி, 2023 செப்டம்பரில் 5 வழித்தடங்களில் கட்டணமில்லாப் பேருந்தைச் சோதனையாக ஓடவைத்தார். பயணிகள் பெருகினார்கள். ஆனாலும் 2024-ல் திட்டம் நீட்டிக்கப்படாமல் நின்றது. அவர் கொண்டுவந்த மசோதாக்களில் சட்டமானவை மிகச் சிலவே என்று எதிரணியினர் குத்திக்காட்டினார்கள். அது உண்மையும்கூட. ஆனால் அவர் கோரிக்கையைக் கைவிடவில்லை. இலவசப் பேருந்து, வாடகை உயர்வுக்குத் தடை, குழந்தைகளுக்கு இலவசப் பராமரிப்பு என்று அதையே மேயர் தேர்தலின் முழக்கமாக்கினார்.

ஆகவே, அன்புச் சகோதரர்களே! இனி அவரையும் இந்த வாக்குறுதிகளை வைத்தே எடைபோடுங்கள். நாளை உங்கள் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம், 'நம்ம ஆளா?' என்று கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். 'யாருடைய கஷ்டத்தில் பங்கெடுத்தாய்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக!