நீருக்கு அடியில் பழைய பல்லேகம

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தே, லக்கலைப் பகுதியின் தலையூராய் விளங்கியது பல்லேகம. இன்று அவ்வூரைத் தேடிச் செல்வோர் காண்பது களுகங்கை நீர்த்தேக்கத்தை. 2018 ஜனவரியில் புதிய லக்கலை நகரம் திறக்கப்பெற்றது. கடைகளும் அலுவலகங்களும் அங்குக் குடியேறின. பழைய ஊர் நீருக்குள் அடங்கிற்று.

நீரின்மீது பழி சுமத்துவது எளிது, நேர்மையாகாது. களுகங்கை அம்பன் கங்கையிற் கலப்பது. அம்பன் கங்கையின் நீரே பண்டு எலஹெரக் கால்வாய் வழியே மின்னேரியாக் குளத்தை நிறைத்தது. பராக்கிரம சமுத்திரத்தையும் நிறைத்தது. உலர்வலயத்து உழவர் இன்றும் அந்நீரையே எதிர்நோக்குகின்றனர். ஆகவே, ஊர் ஏன் மூழ்கியது என்பதன்று வினா. மூழ்குமுன் எதனை, யார், எடுத்துக்கொண்டனர் என்பதே வினா.

இதே மாவட்டத்து நாலந்தா கெடிகே ஒரு விடை தருகின்றது. பல்லவர் பாணியிற் கருங்கல்லால் எழுந்த பௌத்த ஆலயம் அது. மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கம் அதனை மூழ்கடிக்கவிருந்தபொழுது, 1970களில் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, மேட்டிலே மீளக் கட்டினர். கல்லுக்குத் தொல்பொருள் திணைக்களம் துணை நின்றது. சந்தைத் திண்ணைக்கும், வரப்பின் வளைவுக்கும், ஆற்றுத்துறைக்கும் எந்தத் திணைக்களம் உண்டு? நக்கிள்ஸ் காடுகள் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. காட்டின் கீழிருந்த கடைத்தெருவை எவர் பட்டியலிடுவார்?

திணைக்களம் காவாததை ஊரார் காத்த கதையும் மாத்தளையிலேயே உண்டு. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் காலத்தில், பஞ்சத்துக்கும் போருக்கும் அஞ்சிய பிக்குமார், வாய்வழி வந்த திரிபிடகத்தை அளுவிகாரையிலே ஏட்டில் எழுதினர் என்பது மரபு. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலப் படையினரால் அவ்விகாரையின் ஏட்டுச் செல்வம் அழிவுற்றது. பிற்காலத்துப் பிக்குமார் என்ன செய்தனர்? தாளிப்பனை ஓலையை அவித்து, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணி பிடித்து மீண்டும் எழுதத் தொடங்கினர். இன்றும் அங்கு ஓலையில் எழுதிக் கரிமை தடவித் துடைப்பதைக் காணலாம். கீறிய எழுத்து அப்போதுதான் கண்ணுக்குத் தோன்றும்.

மாத்தளை நகரின் முத்துமாரியம்மன் கோயிலைத் தமிழ் நேயர் பலர் அறிவர். மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து, கோப்பித் தோட்டங்களை நாடி வந்த தொழிலாளருக்கு மாத்தளையே மலைநாட்டின் வாயில். பிணியும் பசியும் அவ்வழியிற் பலரைக் கொண்டன. எஞ்சியோர் அம்மனை வேண்டினர். 1983 கலவரத்தில் கோயில் தீக்கிரையாயிற்று. அடியார்கள் மீண்டும் எழுப்பினர். மாசிமகத்தில் ஐந்து தேர்கள் மீண்டும் வீதி வருகின்றன.

பல்லேகமவுக்கு ஓலையும் இல்லை, தேரும் இல்லை, பெயர்கள் இருக்கின்றன. மலைநாட்டுச் சிற்றூரில் ஒவ்வொரு வயலுக்கும் பெயருண்டு. அப்பெயரிலே மண்ணின் தன்மையோ, உடையவனின் குலமோ, ஒரு பழஞ்சண்டையோ ஒளிந்திருக்கும். புதிய நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்குப் பழைய ஊர் நினைவில் இராது. அவர்தம் பாட்டிமாருக்கோ எந்தக் கடைக்கு அடுத்தது எக்கடை என்பதுகூட மனப்பாடமாய் இருத்தல் கூடும். ஆசிரியர் ஒருவர், பயிற்சிப் புத்தகம் ஒன்று, விடுமுறை நாட்கள் சில: இவை போதும், ஊரின் வரைபடத்தைத் தொடங்க. பிள்ளைகள் முதலிற் கேட்கவேண்டியது வயல்களின் பெயரை.