குழியில் இறங்கச் சொன்னால் என்ன செய்வது?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் பேசப் போவது கூலி உயர்வைப் பற்றியோ போனஸைப் பற்றியோ அல்ல, மலக்குழியைப் பற்றி. மேடையில் பேசுகிற விஷயமா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். முகம் சுளிப்பவர் வீட்டிலும் அந்தக் குழி இருக்கிறது. அதைச் சுத்தம் செய்ய இறங்கி, உயிரோடு திரும்பாதவன் நம்மில் ஒருவன். ஆகவே பேசித்தான் ஆக வேண்டும்.

"இது துப்புரவுத் தொழிலாளியின் பிரச்னை, நமக்கென்ன?" என்று மில் தொழிலாளி நினைக்க வேண்டாம். மில்லிலும் கக்கூஸ் இருக்கிறது, செப்டிக் டாங்க் இருக்கிறது, சாயக் கழிவுத் தொட்டியும் இருக்கிறது. அடைத்துக்கொண்டால் மேஸ்திரி யாரைத் தேடுகிறார்? நிரந்தர வேலை இல்லாதவனை, கான்ட்ராக்ட் ஆளைத் தேடுகிறார். விவசாயத் தொழிலாளிக்கும் அதே கதைதான். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் வீட்டில் உலை வைக்க வழியில்லை. டவுனில் ஒரு குழியை இறைத்துக் கொடுத்தால் வயல் கூலியைவிடக் கூடத் தருகிறேன் என்கிறார் ஒருவர். பசி இழுக்கிறது, போகிறான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1993-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. மனிதனை வைத்து மலம் அள்ளுவதும், உலர் கக்கூஸ் கட்டுவதும் குற்றம் என்றது. ஆனால் பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டாங்கிலும் இறங்குகிறவனை அந்தச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. இருபது ஆண்டு கழித்து, 2013-ல், அடுத்த சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன் 7-வது பிரிவை ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும். தனி ஆளானாலும், நகராட்சியானாலும், கான்ட்ராக்டரானாலும், நேராகவோ வேறு ஆள் மூலமாகவோ, சாக்கடையையும் செப்டிக் டாங்கையும் அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய ஒருவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது அது. மீறினால் முதல் தடவை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம். ஜாமீனில் விடக்கூடிய குற்றமல்ல இது. வேலை வாங்கியவனுக்குத்தான் தண்டனை, இறங்கியவனுக்கு அல்ல.

"சட்டம் இத்தனை கடுமையாக இருந்தால் ஏன் இன்னும் சாகிறார்கள்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2019 முதல் 2023 வரை ஐந்து ஆண்டுகளில் இந்த வேலையில் 377 பேர் மாண்டதாகச் சர்க்காரே பார்லிமெண்டில் சொல்லியிருக்கிறது. 1993-லிருந்து எடுத்த கணக்கில் அதிகமாகப் பலி கொடுத்த மாநிலம் நம் தமிழ்நாடு. காரணம் இரண்டு.

முதலாவது, சட்டத்தின் வார்த்தையிலேயே ஒரு சந்து இருக்கிறது. "அபாயகரமான முறை" என்றால் என்ன? பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் இறக்குவது. கருவி கொடுத்தால் இறக்கலாம் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்கிறார்கள். விதிகளில் கருவிகளின் பட்டியல் நீளமாக இருக்கிறது. தொழிலாளி கையில் இருப்பதோ ஒரு வாளியும் ஒரு கயிறும். 2022, 2023 ஆண்டுகளில் நேர்ந்த 54 மரணங்களைச் சர்க்கார் ஏற்பாட்டிலேயே ஆராய்ந்தார்கள். அதில் 49 பேர் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லாமல் செத்தவர்கள்.

இரண்டாவது, அவனை வேலைக்கு வைத்தது யார் என்று கேட்டால் ஆளே கிடைப்பதில்லை. முதலாளி கான்ட்ராக்டரைக் காட்டுகிறார். கான்ட்ராக்டர் மேஸ்திரியைக் காட்டுகிறார். மேஸ்திரி, "அவனாகத்தான் இறங்கினான்" என்கிறார். நேராகவோ வேறு ஆள் மூலமாகவோ என்று சட்டம் எழுதியிருப்பது இந்தப் பேச்சை அடைப்பதற்குத்தான். எழுதியதை நடத்திக் காட்டுவதற்குத் தொழிலாளி விழித்திருக்க வேண்டும்.

குழிக்குள் கொல்வது எது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மலம் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு உண்டாகிறது. அது காற்றைவிடக் கனமானது. அடியில் தங்கி நிற்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு மிஞ்சினாலோ மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. "வாடை இல்லை, இறங்கலாம்" என்று நினைக்கிற இடத்தில்தான் யமன் இருக்கிறான். மேலே நின்று பார்க்கும்போது ஒன்றுமில்லாதது போல இருக்கும். சேற்றைக் கிளறியதும் வாயு கிளம்பும். பிராணவாயுவும் உள்ளே குறைந்திருக்கும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கமும் ஆபத்து. அங்கே மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

ஒருவன் விழுந்ததும் அண்ணன் குதிக்கிறான், அவனைத் தூக்க மைத்துனன் குதிக்கிறான். ஒரே குழியில் மூன்று பிணம் விழுவது இப்படித்தான். மனம் பதறும், ஆனாலும் மூச்சுக் கருவி இல்லாமல் யாரும் குதிக்கக் கூடாது. தீயணைப்புப் படையைக் கூப்பிட 101, ஆம்புலன்ஸுக்கு 108.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 36-வது பிரிவிலேயே இதை எழுதி வைத்தது. விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் தொழிலாளியை அனுப்புவதானால், வாயு இல்லை என்று சோதித்துத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையேல் மூச்சுக் கருவியும், இடுப்பு வாரும், மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறும் வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21-ல் அந்தச் சட்டம் போய், 2020-ம் ஆண்டின் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறலாம். வாயுவின் குணம் மாறவில்லை. அந்தச் சான்றையும் கருவியையும் மில் தொழிலாளி இன்றும் கேட்க வேண்டும்.

இறந்தவன் குடும்பத்துக்கு என்ன கதி? 1993 முதல் சாக்கடை வேலையில் மாண்ட ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச் 27-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அவசரம் என்று காரணம் சொல்லியும் கருவியின்றி இறக்கக் கூடாது என்றது. 2023 அக்டோபர் 20-ல் அந்தத் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது; நிரந்தரமாக ஊனமுற்றால் குறைந்தது இருபது லட்சம் என்றது. ஆகவே யாராவது இரவோடு இரவாக ஐம்பதாயிரத்தை நீட்டி, "கையெழுத்துப் போடு, அடக்கம் செய்" என்றால் போடாதீர்கள். முதலில் போலீசில் புகார். அப்புறம் கலெக்டரிடம் மனு. குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் கெடு இருக்கிறது. துக்கத்தில் அந்த நாட்களை நழுவ விடாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். குழியில் இறங்க ஆள் தேடும்போது முதலாளி எந்தத் தெருவுக்குப் போகிறார்? சேரிக்குப் போகிறார், அருந்ததியர் குடியிருப்புக்குப் போகிறார். தீண்டாமை ஒழிந்ததென்று அரசியல் சட்டம் 1950-லேயே சொல்லிவிட்டது. தாழ்த்தப்பட்டவரை மலம் அள்ள வைப்பது வன்கொடுமைக் குற்றம் என்று 2015-ல் தனியாகவும் சட்டத்தில் சேர்த்தார்கள். நம்மிலேயே சிலர், "அது அவர்கள் வேலைதானே" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு முதலாளிக்கு இலவசமாகச் செய்கிற ஊழியம்.

இறங்க மறுத்தால் அன்றைய கூலி போகும். அதை நான் அறியாதவனல்ல. தனி ஒருவன் மறுத்தால் அடுத்தவனை அழைப்பார்கள். தெருவே மறுத்தால், மில்லே மறுத்தால், லாரியை அழைத்துத்தான் ஆக வேண்டும். குழாய் போட்டு உறிஞ்சும் லாரி இருக்கிறது. அடைப்பெடுக்கும் இயந்திரம் இருக்கிறது. லாரி வாடகையைவிட நம் உயிர் மலிவு என்று கணக்குப் போடுகிறவரைதான் மனிதனை இறக்குவார்கள்.

ஆகவே ஒவ்வொரு மில்லிலும், ஒவ்வொரு கிராமத்திலும் இதைத் தீர்மானமாக எழுதுங்கள்: எங்களில் எவரும் குழியில் இறங்க மாட்டோம், இறங்க மறுத்தவருக்கு வேலை போனால் அனைவரும் அவர் பக்கம் நிற்போம். நகராட்சியும் பஞ்சாயத்தும் இயந்திரம் வாங்கட்டும். அதை ஓட்டும் வேலையை இதுநாள்வரை குழியில் இறங்கியவர்களுக்கே நிரந்தரமாகக் கொடுக்கட்டும். இந்தத் தீர்மானத்தை இன்றிரவே உங்கள் வீட்டில் சொல்லுங்கள். நாளைக் காலையில் பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள்.